மகள் "வெறும் கிறிஸ்தவள்" என்கிறாள், பேத்திக்கு ஞானஸ்நானம் வேண்டாம் என்கிறாள்

பொறையார் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஊர் பொறையார். தலைமுறை தலைமுறையாக லுத்தரன் குடும்பம். மகளும் மருமகனும் அமெரிக்காவில், டாலஸ் பக்கம் வேலை பார்க்கிறார்கள். அண்மையில் பேத்தி பிறந்திருக்கிறாள். ஊருக்கு வரும்போது தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில் ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம், ஐயரிடம், அதாவது எங்கள் போதகரிடம், சொல்லி வைக்கிறேன் என்றேன். ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1718-ல் கட்டி முடித்த கோவில் அது. என் அம்மாவுக்கு, எனக்கு, மகளுக்கு, எல்லோருக்கும் அங்கேதான்.

"வேண்டாம்மா. அவள் வளர்ந்து, அவளே விசுவாசித்துக் கேட்கட்டும். எங்கள் சபையில் இப்போது பிரதிஷ்டை ஜெபம் மட்டும்தான், குழந்தையைக் கடவுளுக்கு அர்ப்பணித்து ஜெபிப்பது" என்றாள். அது என்ன சபை, பாப்டிஸ்டா, பெந்தெகொஸ்தேயா என்று கேட்டால், "எதுவும் இல்லை, வெறும் கிறிஸ்தவர்கள்" என்கிறாள்.

அவர்கள் ஆராதனையை வீடியோவில் பார்த்தேன். பாட்டு நன்றாக இருந்தது, போதகரும் ஒரே வேதபகுதியை எடுத்துப் பொறுமையாக விளக்கினார். குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாவ அறிக்கை இல்லை, விசுவாசப் பிரமாணம் இல்லை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களும் (தவக்காலம்) கிடையாதாம். இதற்கு முன்னால் வேறொரு சபைக்குப் போனார்கள். இங்கே குழந்தைகளுக்கான ஏற்பாடு நன்றாக இருக்கிறது என்று மாறிவிட்டார்கள்.

என் மனதை அறுப்பது இதுதான். நான் எதையும் தேர்ந்தெடுக்காத வயதில், பேசக்கூடத் தெரியாத வயதில், கடவுள் என்னை ஏற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஞானஸ்நானம். எல்லாமே நம் தீர்மானம் என்றால் கிருபைக்கு என்ன இடம்? இது விசுவாசமா, அல்லது அவரவர் வசதிக்கு ஒரு மதமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மகர்நோன்புச்சாவடி:

டீச்சரம்மா, நான் தஞ்சாவூர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). சபை வரலாறு படிப்பதில் ஆர்வம் உண்டு.

உங்கள் மகள் மட்டும் தனியாக எடுத்த முடிவு இல்லை இது. அமெரிக்காவில் 2020-ல் எடுத்த சமயக் கணக்கெடுப்பில், எந்தப் பிரிவையும் சேராத சபைகளில் 2 கோடியே 10 லட்சம் பேர் இருந்தார்கள். 2010-ல் சுமார் 1 கோடியே 20 லட்சம்தான். இப்போது கத்தோலிக்கருக்கு அடுத்த பெரிய கூட்டம் இவர்கள். தெற்கத்திய பாப்டிஸ்டுகளையும் தாண்டிவிட்டார்கள்.

ஆசை மட்டும் பழையது. 1804-ல் கென்டக்கியில் பார்ட்டன் ஸ்டோன் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகரும் நண்பர்களும் தாங்கள் தொடங்கிய சபை மன்றத்தையே கலைத்துவிட்டு, இனி கிறிஸ்தவர் என்ற பெயர் மட்டும் போதும் என்றார்கள். அந்த இயக்கமே பிற்பாடு பல பிரிவுகளாகிப் போனது. 1960-களின் கடைசியில் கலிபோர்னியாவில் சக் ஸ்மித்தின் கல்வாரி சேப்பலில் ஹிப்பி இளைஞர்கள் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார்கள். இன்றைய கிட்டார், ஜீன்ஸ் போட்ட போதகர் எல்லாம் பெரும்பாலும் அந்த அலையில் வந்தவை.

நம் பக்கத்திலும் உண்டு. 1833-ல் இந்தியா வந்த ஆங்கிலேய மிஷனரி அந்தோணி நாரிஸ் குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்காமல் தெற்கே ஊழியம் செய்தார். அப்புறம் பக்த் சிங் என்ற நற்செய்தியாளர் 1941-ல் சென்னையில் தனிச் சபை தொடங்கினார்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெயர்ப்பலகையில் பிரிவின் பெயர் இல்லாவிட்டாலும் போதனையில் பிரிவு இருக்கிறது. விசுவாசித்த பிறகே முழுக்கு ஞானஸ்நானம், குழந்தைக்குப் பிரதிஷ்டை, ஒவ்வொரு சபையும் தன்னையே நிர்வகிப்பது, இவையெல்லாம் பாப்டிஸ்டு மரபின் அடையாளங்கள். உங்கள் மகள் மரபே இல்லாமல் போய்விடவில்லை, வேறொரு மரபுக்குள் போயிருக்கிறாள். அதை அவள் அறிந்து ஏற்றுக்கொண்டிருந்தால் நல்லது. "எங்களுக்கு வேதம் மட்டும்தான்" என்று நினைத்துக்கொண்டு அறியாமல் இருந்தால், கேள்வி கேட்கத் தெரியாமல் போய்விடும்.

தனிமனித மதம் என்பது வேறு. ராபர்ட் பெல்லா என்ற சமூகவியலாளரும் கூட்டாளிகளும் 1985-ல் எழுதிய ஆய்வில் ஷீலா என்றொரு நர்ஸ் வருகிறார். கோவிலுக்குப் போவதில்லை, தன் உள்மனக் குரலுக்கே தன் பெயரை வைத்து அதைத் தன் மதம் என்றார். உங்கள் மகள் அப்படி இல்லையே. பிள்ளையைச் சபைக்கு முன் தூக்கிக்கொண்டு போய் நிற்கப் போகிறாள்.

---

வெண்ணாற்றங்கரை:

டீச்சரம்மா, வயதில் சின்னவன், தப்பாக நினைக்காதீர்கள். தலைமுறை தலைமுறையாக என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறைகளில் எங்கள் தாத்தா எங்கே உட்கார்ந்தார் தெரியுமா? எங்கள் பழைய கோவிலில் தெருக்காரர்களுக்கு முன்பக்கம் பெஞ்சு, சேரிக்காரர்களுக்குப் பின்னால் தரை. கல்லறைத் தோட்டமும் தனி.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி அடியோடு ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபையே பிளந்தது. எதிர்த்து நின்றவர்களில் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவர் கீர்த்தனைகளை நானும் உருகிப் பாடுகிறேன், ஆனாலும் அது நடந்தது. மேல்சாதிக் குடும்பங்கள் பல பிற்பாடு லுத்தரன் பக்கம் போனதும் அதனால்தான். தனக்குத் தோதான சபையைத் தேடிப் போவது டாலஸில் ஆரம்பிக்கவில்லை அம்மா, இந்தக் காவிரிக்கரையிலேயே நடந்திருக்கிறது.

இப்போது நாங்கள் போவது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஜெபவீடு. எந்தச் சினாடிலும் (சபைகளின் தலைமை மன்றம்) இல்லை. என் அம்மா நடவுக்குப் போகிறவர், எழுத்துக்கூட்டித்தான் வேதம் வாசிப்பார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறார். பழைய கோவிலில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. "அவரவர் வசதி" என்று நீங்கள் சொல்வது எங்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த மரியாதை.

குறையையும் மறைக்க மாட்டேன். ஜெபவீட்டு இடம் பாஸ்டர் பேரில் பதிவாகியிருக்கிறது. தசமபாகக் கணக்கு யாரும் வாசித்ததில்லை. அவருக்குப் பிறகு மகன்தான் என்று பேச்சு. கேட்க ஒரு கமிட்டியும் கிடையாது, பிஷப்பும் கிடையாது. போன மழையில் ஒரு பெரியவர் இறந்தபோது புதைக்க இடமில்லாமல் பழைய கோவிலிடமே போய் நின்றோம். சந்தா பாக்கி என்றார்கள். அந்த மத்தியானம் பட்ட பாட்டை மறக்க முடியாது. ஆனாலும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

---

நாகை கடற்கரை:

நான் கத்தோலிக்கப் பெண். ஞானஸ்நான விஷயத்தில் நான் டீச்சர் பக்கம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஆகஸ்டு 29 கொடியேற்றத்துக்கு முன்னாலிருந்தே எங்கள் வீட்டு வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கிறேன். காவி உடுத்தி வருகிற பலர் இந்துக்கள். நேர்த்திக்கடன் மாதாவுக்கும் அவர்களுக்கும் இடையில் உள்ளது, நீ எந்தப் பங்கு (எந்த ஊர்க் கோவில் சபை) என்று யாரும் கேட்பதில்லை. தனி ஆளாகக் கடவுளிடம் போவது நம் ஊரில் எப்போதும் உண்டு. ஆனால் அப்படி வந்தவர்களுக்கும் கஞ்சி ஊற்ற, படுக்க இடம் கொடுக்க, பெயர் எழுதி வைத்த ஒரு பங்கு இருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

---

பொறையார் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வெண்ணாற்றங்கரைத் தம்பி, உங்கள் தாத்தாவைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்ததே இல்லை. எங்களவர்கள் முன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள், சந்தேகமில்லை. மகளிடம் நம் சபையைப் பற்றிப் பெருமை பேசும்போது இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஞானஸ்நானத்தில் என் எண்ணம் மாறவில்லை. என் கணவர் தவறிய இரவு நான் யாரையும் கூப்பிடவில்லை. கோவில் மணி அடித்தது, ஐயர் வந்தார், சங்கத்துப் பெண்கள் மூன்று வேளையும் சமைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்குப் பிடிக்காது. நானாகத் தேர்ந்தெடுத்திருந்தால் அவர்கள் என் சபையில் இருந்திருக்கவே மாட்டார்கள். இதைத்தான் மகளுக்கு எழுதப் போகிறேன். ஞானஸ்நானம் கொடு என்று வற்புறுத்துவதற்கில்லை. நீ ஆஸ்பத்திரியில் கிடந்தால் யார் வருவார்கள், கணக்கு யார் பார்க்கிறார்கள், போதகர் தவறினால் யார் கேட்பார்கள் என்று அவள் விசாரித்துச் சொல்லட்டும்.

பிரதிஷ்டையை வீடியோவில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதில் பாட்டிக்கு ஏதாவது இடம் உண்டா?

---

வெண்ணாற்றங்கரை:

எங்கள் ஜெபவீட்டில் உண்டு அம்மா. பிள்ளைக்காகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் ஜெபிக்கலாம். அங்கேயும் மகள் முன்கூட்டியே போதகரிடம் கேட்டால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். தமிழிலேயே ஜெபியுங்கள்.