நியூட்டன் குளிர்வு விதி: சென்சார் வைத்தும் வரைபடம் நேர்கோடாக வரவில்லை

பிளஸ்ஒன்_இயற்பியல்:
நியூட்டனின் குளிர்வு விதியை (சூடான பொருள் குளிரும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதம்) இயற்பியலும் கணக்கும் சேர்ந்த புராஜெக்டாகப் பிளஸ் ஒன் மாணவர்களுக்குக் கொடுக்கத் திட்டம். கையில் இருப்பது ஓர் ஆர்டுயினோ ஊனோ (சென்சாரைப் படித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் சிறு மின்னணுப் பலகை), ஸ்டீல் முனை போட்ட டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் நான்கு, லேப் கம்ப்யூட்டரில் லிப்ரே ஆபீஸ். எவர்சில்வர் டம்ளரில் 200 மி.லி. சுடுதண்ணீர், குழுவுக்கு ஒன்று.

சிக்கல்கள்: ரீடிங்கில் திடீரென்று 85 வருகிறது, சில சமயம் −127. வெப்பநிலை வித்தியாசத்துக்கு இயல் மடக்கை எடுத்து நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வரவேண்டும், ஆனால் தொடக்கத்தில் செங்குத்தாக இறங்கி, கடைசியில் படுத்துவிடுகிறது. நான்கு குழுவுக்கும் ஒரே சோதனை என்றால் ஒரு நோட்டைப் பார்த்து மற்ற மூன்றும் எழுதிவிடும். எப்படிப் பிரிக்கலாம்?

மின்சுற்று:
85 என்பது அந்தச் சென்சார் சிப்புக்கு மின்சாரம் வந்ததும் அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க மதிப்பு. அளந்து முடிக்கும் முன் படித்தாலோ, இடையில் 5 வோல்ட் ஒயர் ஒரு நொடி விட்டுப்போனாலோ அதுதான் வரும். 12 பிட் நுணுக்கத்தில் ஓர் அளவீட்டுக்கு 750 மில்லி செகண்டு வரை பிடிக்கும். −127 என்றால் சென்சாரே பதில் தரவில்லை. சென்சாரைப் படிக்க ஆர்டுயினோவில் சேர்க்கும் டல்லாஸ் டெம்பரேச்சர் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு தரும் பிழை எண் அது. பெரும்பாலும் பிரெட்போர்டில் (ஒயர்களைச் செருகி இணைக்கும் பலகை) ஒயர் தளர்ந்திருக்கும், இல்லையேல் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் விட்டுப்போயிருக்கும். டேட்டா ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் அது கட்டாயம். நான்கு சென்சாருக்கும் சேர்த்து ஒன்றே போதும், ஆளுக்கொன்று போடாதீர்கள். நான்கையும் ஒரே பின்னில் இணைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி 64 பிட் முகவரி உண்டு.

திரையில் சென்சார்களின் வரிசை எண் அந்த முகவரிப்படி வரும், நீங்கள் செருகிய வரிசைப்படி அல்ல. ஒவ்வொரு முனையையும் உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, திரையில் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்து ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் ஒரே பச்சைத்தண்ணீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் போட்டு வைத்து வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ±0.5 டிகிரி வரை பிழை அனுமதிக்கப்பட்டதுதான், கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று: கம்ப்யூட்டரில் ரீடிங் காட்டும் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே ஊனோ ரீசெட் ஆகும், நேரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தண்ணீர் ஊற்றும் முன்பே திறந்துவிடுங்கள், நடுவில் யாரும் மூடக்கூடாது.

வெப்பவியல்:
தொடக்கச் செங்குத்துக்கு முதல் காரணம் ஆவியாதல். திறந்த டம்ளரில் ஆவியாகப் போகும் வெப்பம் வெப்பநிலை வித்தியாசத்துக்கு நேர்விகிதத்தில் இருக்காது, சூடு ஏற ஏற மடமடவென்று கூடும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி வைத்து அதன் வழியே முனையை இறக்குங்கள். மூடி கிடைக்காவிட்டால் மேலே ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் ஊற்றினாலும் ஆவி கட்டுப்படும். முனை தண்ணீரின் நடுவில் நிற்கட்டும், அடியைத் தொடக்கூடாது. டம்ளரும் முனையும் சூடேற நேரம் வேண்டும் என்பதால் முதல் மூன்று நிமிட ரீடிங்கை விட்டுவிடுங்கள்.

ஃபேனை அணைக்கத் தோன்றும். அணைக்காதீர்கள். காற்று அசையாதபோது இயல்பான வெப்பச்சலனத்தில் இழப்பு, வித்தியாசத்தின் 5/4 அடுக்கை ஒட்டிப் போகும். அதிலும் கோடு வளையும். ஒரே வேகத்தில் ஓடும் ஃபேனுக்கடியில்தான் விதி நன்றாகப் பொருந்தும். ஆனால் மூடி இல்லாமல் ஃபேன் போட்டால் ஆவியாதல் இன்னும் மோசமாகும்.

கடைசியில் படுப்பது அறை வெப்பநிலையைக் குறைத்துப் போட்டதன் அடையாளம். உண்மையில் 30 இருக்கும்போது 28 என்று போட்டால் வால் மேலே தூக்கும். 32 என்று போட்டால் கீழே வளைந்து, கடைசியில் எதிர்ம எண்ணுக்கு மடக்கை கேட்டுப் பிழை காட்டும். ஐந்தாவது சென்சார் ஒன்று வாங்கி டம்ளர்களிலிருந்து தள்ளிக் காற்றில் தொங்கவிடுங்கள்.

கணக்கு_டீச்சர்:
சார், குழுவுக்கு ஒரு மாறியைக் கொடுங்கள். முதல் குழு மூடியோடு 200 மி.லி., இரண்டாவது மூடியில்லாமல், மூன்றாவது மூடியோடு 100 மி.லி., நான்காவது மூடி போட்டுத் துணி சுற்றி. காப்பி அடித்தால் கோட்டின் சாய்வே காட்டிக்கொடுத்துவிடும்.

30 விநாடிக்கு ஒரு ரீடிங் போதும். 20 நிமிடம் அளந்ததும் நிறுத்திக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு பீரியடுக்குள் அடங்கிவிடும். உதாரணமாக அறை 30 டிகிரி, தண்ணீர் 75-லிருந்து 20 நிமிடத்தில் 60-க்கு வந்தால் வித்தியாசம் 45-லிருந்து 30. 45/30 = 1.5, அதன் இயல் மடக்கை 0.405, இருபதால் வகுத்தால் குளிர்வு மாறிலி (மடக்கை வரைபடக் கோடு இறங்கும் சாய்வு) நிமிடத்துக்கு 0.0203. இதை வைத்து 40 டிகிரிக்கு எப்போது வரும் என்று முன்கூட்டியே எழுதித் தரட்டும்: வித்தியாசம் 45-லிருந்து 10, 45/10 = 4.5, அதன் மடக்கை 1.504-ஐ 0.0203-ஆல் வகுத்தால் சுமார் 74 நிமிடம். ஆர்டுயினோ பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த பீரியடில் வந்து சரிபார்க்கலாம். எழுதித் தந்த நேரத்துக்கும் அளந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குவதற்குத்தான் மதிப்பெண். வரைபட அழகுக்கு அல்ல.

இரு புள்ளியில் போட்ட மாறிலியையும் எல்லாப் புள்ளிக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் சாய்வு எடுத்து வந்த மாறிலியையும் ஒப்பிடட்டும்.

பிளஸ்ஒன்_இயற்பியல்:
100 மி.லி. குழுவுக்கு மாறிலி இரட்டிப்பாகுமா?

வெப்பவியல்:
ஆகாது. தண்ணீரின் வெப்ப ஏற்புத்திறன் பாதியாகும், ஆனால் பக்கச் சுவரில் நனையும் பரப்பும் குறையும். மேல்பரப்பும் அடிப்பரப்பும் மட்டும் அப்படியே இருக்கும். டம்ளரின் சூட்டையும் சேர்த்துக்கொண்டால் இரண்டு மடங்கை எட்டாது. அளக்கும் முன் மாணவர்களிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், பாதிப் பேர் இரண்டு என்றுதான் எழுதுவார்கள்.