வீ யூ கேம்பேட்: ரெண்டு விரல் வெச்சா என்ன ஆகும்?

கட்டைவிரல்: நேத்து இங்க ஒருத்தர், நின்டெண்டோவோட வீ யூ கேம் பெட்டிக்கு வர்ற திரை வெச்ச கன்ட்ரோலரைப் பத்தி, "வீ யூ கேம்பேட் டச் ஐபேடுக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சதில்ல"ன்னு அடிச்சு விட்டிருக்கார். ஐபேட் வந்தது 2010. வீ யூ வந்தது 2012 நவம்பர். ரெண்டு வருஷம் கழிச்சும் நின்டெண்டோ போட்டது 6.2 அங்குல ரெசிஸ்டிவ் (அழுத்தினாத்தான் உணருற) திரை, 854×480 புள்ளிகள். ரெண்டு விரல் வெச்சு எதையும் பெரிசாக்க முடியாது. இதுல என்னய்யா சமம்?

பழையபெட்டி: எழுதினது நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். ரெசிஸ்டிவ்னா மட்டம்னு யார் சொன்னா? மேல பிளாஸ்டிக் படலம், கீழ இன்னொரு படலம், நடுவுல மயிரிழை இடைவெளி. அழுத்துற இடத்துல ரெண்டும் ஒட்டும், அங்க மின்னழுத்தம் எவ்வளவுன்னு பார்த்து இடத்தைப் பிடிக்கும். நகம், கையுறை, ஸ்டைலஸ்ங்கிற பேனா மாதிரி குச்சி, எல்லாத்துக்கும் வேலை செய்யும். ஆட்டக் களத்தை நாமளே கட்டுற மரியோ மேக்கர் கேம்ல ஒரே ஒரு கட்டத்துல கல்லு வைக்க ஸ்டைலஸ் முனைதான் சரி. விரலை வெச்சா பக்கத்துக் கட்டமும் சேர்ந்து மறையும்.

கட்டைவிரல்: ரெண்டு விரல்?

பழையபெட்டி: தேவையில்ல.

கட்டைவிரல்: தேவையான்னா கேட்டேன்? வேலை செய்யுமா? இடது ஓரம் ஒரு விரல், வலது ஓரம் ஒரு விரல் வைங்க. யாருமே தொடாத நடு இடத்துல போய்ப் புள்ளி விழும். இதுக்குப் பேரு டச்சாம்.

திருப்புளி: சண்டைக்கு நடுவுல ஒரு விஷயம். இதுக்கு டெம்பர்டு கிளாஸ் ஒட்டாதீங்க. தடிமனான கண்ணாடி வளையாது, அழுத்தம் கீழ போகாது, திரை செத்த மாதிரி இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் படலம் போதும். ஓரத்துல தூசி சிக்கினா தானாவே டச் ஆகும். முதல்ல சுத்தம் பண்ணிட்டு அப்புறமா சிஸ்டம் செட்டிங்ஸ்ல கேலிபரேட் பண்ணுங்க, அதாவது தொடுற இடமும் புள்ளி விழுற இடமும் ஒத்துப்போற மாதிரி சரிபண்ணுங்க. தூசியோட பண்ணினா தப்பும் சேர்ந்து பதிஞ்சுடும்.

பழையபெட்டி: பார்த்தீங்களா, பராமரிக்கத் தெரிஞ்சவன் குறை சொல்ல மாட்டான்.

திருப்புளி: நான் உங்க கட்சியில சேரல. பேட்டரி 1500 எம்ஏஎச், அஞ்சு மணி நேரம் தாண்டாது. உள்ள இடம் காலியா வெச்சுட்டு 2550 பேட்டரியைத் தனியா வித்தாங்க. பேட்டரி மூடி சாதா ஸ்டார் (+) ஸ்க்ரூ, மத்த இடத்துல மூணு காது ஸ்க்ரூவும் இருக்கு. தப்பான திருப்புளி போட்டுத் தலையைத் தேய்ச்சா உங்க பாடு.

ஜப்பான்பிரியன்: கேம்பேட் போச்சுன்னா ஜப்பான்ல இருந்து ஒண்ணு வரவழைச்சா முடிஞ்சது.

கட்டைவிரல்: போன மாசமும் இதையேதான் சொன்னீங்க, அப்பவே மறுத்தாச்சு. ஜப்பான் கேம்பேட் அமெரிக்கப் பெட்டியோட சாதாரணமா இணையாது. இணைக்குற சிங்க் பட்டனை அழுத்தி, டிவியில காட்டுற நாலு சின்னத்தைப் போட்டாலும் சரி. கேம்பேட் இல்லாம செட்டிங்ஸ்குள்ளயே நுழைய முடியாது, டிவியில ஓடுற பெட்டிக்கு இதைவிடக் கேவலம் உண்டா? அதை விடுங்க. பழையபெட்டி இன்னும் பதில் சொல்லல. ரெண்டு விரல்?

பழையபெட்டி: ஒரு பெட்டியோட ரெண்டு கேம்பேட் இணைக்கலாம்னு நின்டெண்டோ சொல்லியிருக்கு.

கட்டைவிரல்: விரலைக் கேட்டா கேம்பேடை எண்ணுறீங்க! ரெண்டு கேம்பேட்ல ஓடுற ஆட்டம் ஒண்ணு காட்டுங்க. ஒண்ணுகூட வரல. மொத்தமே 1 கோடியே 35 லட்சம் சொச்சம் பெட்டிதான் வித்துது. 2017 ஜனவரியோட தயாரிப்பை மூடினாங்க. அதே வருஷம் மார்ச்ல வந்த அவங்க அடுத்த பெட்டி ஸ்விட்ச்ல என்ன திரை போட்டாங்க? கெபாசிடிவ், ஃபோன்ல இருக்குற மாதிரி விரல் பட்டாலே உணருறது. பல விரல் வேலை செய்யும். நின்டெண்டோவே ஒத்துக்கிட்டாச்சு, நீங்கதான் பாக்கி.

பழையபெட்டி: ஸ்விட்ச்ல ஸ்டைலஸ் வைக்கக் குழி எங்க இருக்கு? மரியோ மேக்கர் ரெண்டை அதுல விரலால தடவிப் பாருங்க, அப்புறம் பேசுவோம்.

கட்டைவிரல்: கெபாசிடிவ் ஸ்டைலஸ் வாங்கத் தெரியாதா?

பழையபெட்டி: ரப்பர் உருண்டை முனையா? அதுவும் தடிமன்தான்.

திருப்புளி: ரெண்டு பேரும் கேலிபரேட் பண்ணிட்டு வாங்க.

கட்டைவிரல்: பண்ணியாச்சு. இப்பவும் நடுவுலதான் புள்ளி விழுது.