பிஞ்சு வெம்பி விழுகிறதா? முதலில் பூவைப் பாருங்கள்

சுரை, பீர்க்கு, பாகல், பூசணி என்று எந்தக் கொடி வைத்தவரிடம் பேசினாலும் ஒரே குறைதான். கொடி பந்தல் கொள்ளாமல் ஓடுகிறது, பூவும் நிறைய, பிஞ்சும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகிறது. உடனே இன்னும் கொஞ்சம் உரம் போடலாமா என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். என் தோட்டத்தில் இதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தது மகரந்தம் சேராததுதான். அதைப் புரிந்துகொண்ட பிறகு கொடிக் காய்கள் வளர்ப்பதே தனி சந்தோஷமாகிவிட்டது.

இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. முதலில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். மெலிந்த காம்பில் பூத்து உதிர்ந்துவிடும்; அதற்குக் கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் அந்தந்தக் காயின் குட்டி உருவம் அப்படியே இருக்கும்: பூசணியில் சின்ன உருண்டை, பீர்க்கில் வரி வரியாக, பாகலில் முள் முள்ளாக. பிஞ்சு பிடித்துவிட்டது என்று நாம் மகிழ்வது இதைப் பார்த்துத்தான். உண்மையில் அது இன்னும் பூவின் சூல்பைதான். மகரந்தம் வந்து சேராவிட்டால் செடி அதை வளர்க்காது.

பழ ஈ குத்தினாலும் பிஞ்சு விழும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈ குத்திய பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி இருக்கும், அதிலிருந்து பிசின் கசிந்திருக்கும். பிளந்தால் உள்ளே புழு நெளியும். மகரந்தம் சேராத பிஞ்சில் காயமே இருக்காது. நுனி மஞ்சளாகி அப்படியே சுருங்கும்.

சரி, கையால் சேர்த்துவிடலாம் என்றால் நேரம் முக்கியம். பூசணிப் பூ விடியலில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும். பாகலும் காலைதான். சுரையும் பீர்க்கும் மாலையில் பூக்கும். சுரைப்பூ வெள்ளையாக இருப்பதே இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காகத்தான். பொழுது சாய்ந்த பிறகு பந்தலடியில் சும்மா நின்று பாருங்கள். பூவில் உட்காராமல் அந்தரத்தில் சிறகடித்தபடி நீண்ட உறிஞ்சியை உள்ளே விடும் பூச்சியை ஒருமுறை பார்த்துவிட்டால், மாலையில் மருந்தடிக்கவே மனம் வராது. பலரும் காலையில் போய்ச் சுரைப்பூவைத் தொட்டுவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று வருந்துகிறார்கள். அதற்குள் பூ வாடத் தொடங்கியிருக்கும்.

நான் பிரஷ் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைப் பின்னுக்கு உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி படிந்த தண்டு நிற்கும். விரலால் தொட்டால் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூவைப் பறிப்பேன். பெண் பூவின் நடுவில் சற்றே பிசுபிசுப்பாக, பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும் சூல்முடியில் அதைச் சுற்றிச் சுற்றித் தடவ வேண்டும். எல்லா மடலிலும் பொடி படுவது அவசியம். ஒவ்வொரு விதை உருவாகவும் ஒரு மகரந்தத்தூள் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விதை பிடித்தால் காய் அந்தப் பக்கம் மட்டும் பருத்து, மறுபக்கம் சூம்பிப்போகும். வெள்ளரி கோணலாக வருவதற்கும் பல நேரம் இதுவே காரணம். சேர்ந்துவிட்டதா என்பது சில நாளிலேயே தெரியும்: காம்பு தடிக்கும், பிஞ்சு பளபளவென்று பச்சை ஏறி, பாரத்தில் கீழ்நோக்கித் தொங்கத் தொடங்கும்.

பெண் பூவே வரவில்லை என்றால் அது வேறு கதை. தழைச்சத்து அதிகமானால் இலைதான் கொழுக்கும். கடும் வெயிலில் ஆண் பூக்கள் மிகும். சுரைக்கும் பாகலுக்கும் பக்கக் கிளைகளில்தான் பெண் பூ கூடுதலாக வரும் என்பதால் நுனியைக் கிள்ளிவிடுவது பலன் தருகிறது. முதன்மைக் கொடியின் நுனியையும், பிறகு அதில் வரும் பக்கக் கிளையின் நுனியையும் கிள்ளி மூன்றாம் தலைமுறைக் கிளையை வரவைப்பதைத்தான் 3ஜி கட்டிங் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இந்த வேலையே இல்லை. ஒரே பூவில் இரண்டும் உண்டு. காலையில் பூங்கொத்தை லேசாகத் தட்டிவிட்டால் போதும். பழைய எலக்ட்ரிக் டூத் பிரஷ் இருந்தால் அதைப் பூக்காம்பில் தொட்டுப் பாருங்கள், பொடி புகைபோல் கொட்டும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிடுவதும் இதே அதிர்வுக்காகத்தான். வெயில் 35 டிகிரியைத் தாண்டி நீடித்தால் தக்காளி மகரந்தம் வலுவிழக்கும். அப்போது எவ்வளவு தட்டினாலும் பூ கொட்டும். நிழல்வலை கட்டிக் காத்திருக்க வேண்டியதுதான்.

பழமரங்களில் என்னை அதிகம் வியக்கவைத்தது சீத்தா. ஒரே பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகு ஆணாக மாறும். இதழ் பாதி விரிந்திருக்கும்போது பெண் நிலை. முழுக்க விரிந்து மகரந்தம் உதிரும்போது பெண் நிலை முடிந்திருக்கும். அதனால் தன் மகரந்தம் தனக்கே உதவுவது அரிது. இயற்கையில் சின்னஞ்சிறு வண்டுகள் இந்த வேலையைச் செய்கின்றன. அவை குறைவாக உள்ள இடத்தில் மரம் பூத்துக் குலுங்கும், காய் இருக்காது. முழுக்க விரிந்த பூக்களின் பொடியை மாலையில் ஒரு சின்ன டப்பாவில் தட்டி எடுத்துவைத்து, மறுநாள் காலையில் பாதி விரிந்த பூக்களுக்குள் மெல்லிய பிரஷால் தடவிவிட வேண்டும். பழத்தின் மேலுள்ள ஒவ்வொரு கண்ணும் தனித்தனிச் சூலகத்திலிருந்து வருவது. எல்லாக் கண்ணும் நிறைந்து உருண்டையாக வந்த பழம் பார்க்கவே அழகு.

இன்னொன்று, விதை எடுத்து வைப்பவர்களுக்கு. பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் இந்த வருடக் காயின் ருசி மாறாது, விதை மாறிவிடும். மறுநாள் விரியப்போகும் பூசணி மொட்டின் நுனியில் மஞ்சள் ஏறியிருக்கும். அந்த ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் முந்தின மாலையே நூலால் கட்டிவிட்டு, காலையில் அவிழ்த்துச் சேர்த்து, பெண் பூவை மறுபடியும் கட்டிவிடுங்கள். சுரையில் இது ரொம்ப அவசியம். கசப்பு ரகத்தோடு கலந்த விதையில் வரும் காயில் குகுர்பிட்டாசின் என்ற நச்சு மிகுந்திருக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வரை போகும், வேகவைத்தாலும் அது போகாது. சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். அந்தக் காயையும் அதே கொடியின் விதைகளையும் எறிந்துவிடுங்கள்.