தேசிக்காயில் பச்சைப் பூஞ்சணம், நல்ல பற்றீரியாவில் தோய்த்தும் நிற்கவில்லை

நெடுங்கேணித் தோட்டம்:
வணக்கம். மாரியில் ஆயும் தேசிக்காய் தம்புள்ளைச் சந்தைக்குப் போய்ச் சேர முதலே அழுகுது. முதலில் காம்படியில் தண்ணீர் ஊறின மாதிரி ஒரு வட்டம், பிறகு வெள்ளை, அதன் நடுவில் பச்சைத் தூள், சாக்கைத் தட்டினால் பறக்கும். மிளகாய்க்கு வாங்கின சூடோமோனாஸ் என்ற நல்ல பற்றீரியாப் பொடி வீட்டில் கிடந்தது, கரைத்து லொறி வரும் நாள் காலையில் தோய்த்தோம். பலனில்லை. பொடி பழசா, அளவு போதாதா? இரசாயனம் போட விருப்பமில்லை, ஊறுகாய்க்கும் இதே காய்தான்.

முறிகண்டி அக்கா:
தம்பி, கொக்கத்தடியால் இழுத்து விழுத்துற காயா? ஆய்ந்து எவ்வளவு நேரம் கிடக்கும்?

நெடுங்கேணித் தோட்டம்:
ஓம் அக்கா, கொக்கத்தடிதான். லொறி வரும்வரை இரண்டு மூன்று நாள் உரப்பையில் இருக்கும்.

முறிகண்டி அக்கா:
அப்ப பொடியைக் குறை சொல்ல வேண்டாம். இந்தப் பச்சைப் பூஞ்சணம், பெனிசிலியம் டிஜிடேட்டம், முழுத்தோலைத் துளைக்காது. முள் கீறின இடமும் விழுந்து நசிந்த இடமும் காம்பு பிய்ந்த இடமும்தான் அதற்கு வாசல். பற்றீரியா அந்தக் கீறலில் முந்திப் போய்க் குடியிருந்து, அங்கே கசியும் சத்தைத் தின்று முடித்தால்தான் பூஞ்சண வித்துக்கு முளைக்க வழியிருக்காது. பூஞ்சணம் உள்ளே இறங்கின பிறகு எந்தப் பற்றீரியாவாலும் அதை வெளியே எடுக்க ஏலாது. அதனால் ஆய்ந்த அன்றே தோய்க்க வேணும். கத்தரியால் காம்போடு நறுக்குங்கள். மழை ஈரம் காயாத காயில் கை வைக்காதீர்கள், அந்த நேரம் தோல் விறைத்து நிற்கும், லேசாக நசிந்தாலே எண்ணெய் கசியும்.

மாங்குளம் விவசாயி:
அக்கா சொன்னது சரி, ஆனால் மிளகாய்ப் பொடியைச் சாப்பிடும் காயில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். அது பெரும்பாலும் மண்ணுக்குப் போடும் புளோரசன்ஸ் இனம். அமெரிக்காவில் 1995 இல் அறுவடைக்குப் பிறகு பாவிக்கப் பதிவான பயோசேவ் என்ற பற்றீரியா மருந்து சூடோமோனாஸில் வேறு இனம், சிரிஞ்சே. லேபிளில் பழத்துக்கு என்று இல்லாவிட்டால் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். அதுவரை அப்பச்சோடா போதும்: பத்து லீற்றர் தண்ணீருக்கு 300 கிராம், இரண்டு மூன்று நிமிடம் தோய்த்து, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். சோடா வித்தைக் கொல்லாது, முளைக்க விடாமல் பிடித்து வைக்கும்.

நெடுங்கேணித் தோட்டம்:
நன்றி அண்ணா. கிணற்றுக்குக் குளோரின் போட்டிருக்கு, பிறகு பற்றீரியா வாங்கினால் அந்தத் தண்ணீரில் கரைக்கலாமா?

மாங்குளம் விவசாயி:
வேண்டாம், குளோரின் நல்லதையும் சேர்த்துக் கொல்லும். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். பச்சை பிடித்த காயைச் சாக்குக்குள்ளே கிளறாமல், ஈரத்துணியால் மூடி எடுத்துத் தூரத்தில் தாட்டு விடுங்கள்.