புதுப்பிப்பு: கான்ட்ராக்ட் ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு கிடைத்தது

(2024 செப்டம்பர்) ஜூலையில் எழுதியிருந்தேன்: பிரசவம் நவம்பரில், ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, "கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த லீவ் கிடையாது" என்று எச்ஆரில் சொல்லிவிட்டார்கள். இப்போது கிடைத்துவிட்டது. 26 வாரம், சம்பளத்தோடு.

அக்கா ஒருவர் சொன்னபடி வாய்ப்பேச்சை விட்டுவிட்டு எழுத்தில் கேட்டேன். 2024-ல் நடப்பில் இருந்த 1961 மகப்பேறு நலச் சட்டம் பார்த்தது, பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்தோமா என்பதைத்தான். நிரந்தரமா இல்லையா என்று பார்க்கவில்லை. தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் முழுப் பலனும் தர வேண்டும் என்று 2023-ல் தீர்ப்பு. மேலாளர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அந்த 2023 வரியில் அவர் விரல் அப்படியே நின்றது. அப்புறம், "லீகல்ல கேட்டுச் சொல்றேம்மா" என்றார். ஒன்பதாம் நாள் மெயில் வந்தது.

சந்தோஷம்தான். ஆனால் போன வருஷம் கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டுப் போன தோழியை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. அவளிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். நேற்று போன் செய்தேன், அவள் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

கடிதத்தின் மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.