பள்ளித் துப்பாக்கிச் சூடுகளுக்குப் பிறகு எந்த நாடு எதை மாற்றியது?

கேள்வி — வகுப்பாசிரியை

பள்ளிகளில் நிகழும் துப்பாக்கிச் சூடுகளைத் தடுப்பது பற்றி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் குறிப்பு ஒன்றை எழுதி வருகிறேன். கிடைத்த கையேடுகளில் பெரும்பாலானவை தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, கண்காணிப்புக் கேமரா, ஆயுதம் தாங்கிய காவலர், பதுங்கும் ஒத்திகை என்று தாக்குதல் தொடங்கிய பின் வரும் சில நிமிடங்களைப் பற்றியே பேசுகின்றன. அந்த நிமிடங்கள் முக்கியமானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதற்கு முந்தைய வாரங்களிலும் மாதங்களிலும் என்ன செய்திருக்கலாம் என்பதை வெவ்வேறு நாடுகள் எப்படி ஆராய்ந்தன, அந்த ஆராய்ச்சி சட்டத்திலும் பள்ளி நடைமுறையிலும் எந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதே நான் அறிய விரும்புவது. குறிப்பாக, இவற்றில் ஆசிரியர்களின் கையில் இருப்பது எது?

மறுமொழி — சட்ட மாணவர்

சட்டத்தின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். 1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் தொடக்கப்பள்ளியில் 16 குழந்தைகளும் அவர்களுடைய ஆசிரியையும் கொல்லப்பட்டனர். கொலையாளி பயன்படுத்தியவை உரிமம் பெற்று வைத்திருந்த கைத்துப்பாக்கிகள். நீதிபதி கல்லன் பிரபு தலைமையிலான விசாரணையும், பெற்றோர்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் நடத்திய கையெழுத்து இயக்கமும் சேர்ந்து, 1997இல் இரண்டு சட்டத் திருத்தங்களுக்கு வழிவகுத்தன. தனியார் கைத்துப்பாக்கி வைத்திருப்பது பிரிட்டனின் பெரும்பகுதியில் ஏறத்தாழ முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. அதன்பின் அங்கே பள்ளியில் அத்தகைய படுகொலை நிகழவில்லை.

ஆஸ்திரேலியா அதே ஆண்டு ஏப்ரலில் போர்ட் ஆர்தர் என்ற சுற்றுலாத் தலத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 35 பேரை இழந்தது. அது பள்ளி அல்ல என்றாலும், சில நாட்களிலேயே எட்டப்பட்ட தேசியத் துப்பாக்கி உடன்பாடு இந்த விவாதத்தில் தவிர்க்க முடியாதது. துப்பாக்கி கேட்பவர் உண்மையான காரணம் காட்ட வேண்டும், தற்காப்பு அத்தகைய காரணமாகாது, வாங்குவதற்கு முன் 28 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. சுமார் 6,50,000 துப்பாக்கிகளை அரசு விலை கொடுத்துத் திரும்பப் பெற்றது.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இத்தகைய நிகழ்வுகள் எந்த நாட்டிலும் எண்ணிக்கையில் குறைவு என்பதால், ஒரு சட்டம் மட்டுமே அவற்றை நிறுத்தியது என்று புள்ளியியல் முறையில் நிறுவுவது கடினம். அமெரிக்காவில் மக்கள்தொகையைவிடத் துப்பாக்கிகள் அதிகம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. ஆயுதம் வைத்திருக்கும் உரிமை அங்கே அரசியலமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே பிரிட்டன் செய்ததை அங்கே அப்படியே செய்ய இயலாது.

மறுமொழி — பள்ளி உளவியலாளர்

நீங்கள் கேட்ட 'முந்தைய மாதங்கள்' என்பதற்கு ஜெர்மனியின் அனுபவம் நெருக்கமானது என்று நினைக்கிறேன். 2002 ஏப்ரல் 26 அன்று எர்ஃபர்ட் நகரின் குட்டன்பெர்க் மேல்நிலைப்பள்ளியில் 19 வயது முன்னாள் மாணவர் ஒருவர் 16 பேரைக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். அவர் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காகச் சட்டப்படி உரிமம் பெற்றவர். மாதக்கணக்கில் முன்பே பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவர். வயது வந்தவர் என்பதால் அந்த நீக்கம் பெற்றோருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அவரும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்குச் செல்வதுபோல் வீட்டிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தார். இதைவிடக் கொடிய இன்னொன்றும் உண்டு: எர்ஃபர்ட் இருக்கும் தூரிங்கியா மாநிலத்தின் அன்றைய விதிப்படி, மேல்நிலைப்பள்ளியின் இறுதித் தேர்வை முடிக்காமல் வெளியேறுபவர் கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் நின்றார்.

இது கொலைக்கு நியாயமாகாது. ஆயினும் அந்த மாநிலம் இதைப் புறக்கணிக்கவில்லை என்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். பத்தாம் வகுப்பின் முடிவில் தனித் தேர்வொன்று கொண்டுவரப்பட்டதால், பின்னால் இடறுபவரும் ஏதேனும் ஒரு தகுதியுடன் வெளியே செல்ல முடிகிறது. வயது வந்த இளம் மாணவர்களைப் பற்றிய முக்கியத் தகவல்களைப் பெற்றோருக்குச் சொல்லவும் பள்ளிச் சட்டம் இடமளித்தது. ஆயுதச் சட்டமும் இறுகியது: 25 வயதுக்கு உட்பட்டவர் முதன்முதலாகப் பெரிய குழல்விட்டம் கொண்ட துப்பாக்கிக்கு விண்ணப்பித்தால் உளவியல் தகுதிச் சான்று தர வேண்டும்.

இருந்தும் 2009 மார்ச் 11 அன்று ஜெர்மனியின் வின்னெண்டன் நகரப் பள்ளியில் தொடங்கிய தாக்குதலில் 17 வயதுச் சிறுவன் 15 பேரைக் கொன்றான். அவனுக்கு உரிமம் தேவைப்படவில்லை. தந்தை மற்ற துப்பாக்கிகளைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, ஒன்றை மட்டும் படுக்கையறையில் வைத்திருந்தார். அவர் பின்னர் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்காக, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். அதன்பின், சந்தேகத்துக்கான காரணம் இல்லாவிட்டாலும் உரிமதாரரின் வீட்டில் துப்பாக்கி முறையாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று அதிகாரிகள் சோதிக்கும் அதிகாரம் பெற்றனர்.

பின்லாந்தும் யோகெலா (2007), கவுஹாயோக்கி (2008) ஆகிய ஊர்களின் கல்வி நிலையங்களில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு கைத்துப்பாக்கி உரிமத்துக்கான வயதை 20 ஆக்கி, இரண்டு ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்ததற்கான சான்றையும் கோரியது. ஆனால் 2024 ஏப்ரலில் வான்டாவில் 12 வயதுச் சிறுவன் உறவினர் ஒருவரின் துப்பாக்கியால் வகுப்புத் தோழன் ஒருவனைக் கொன்றான். உரிமம் யாருக்கு என்ற கேள்விக்கு இணையாக, வீட்டில் அது எங்கே இருக்கிறது என்ற கேள்வியையும் பெற்றோர் கூட்டங்களில் தயக்கமின்றி எழுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி — ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

துப்பாக்கியை மட்டும் பேசினால் போதாது. 2001 ஜூன் 8 அன்று ஜப்பானின் இக்கெடா தொடக்கப்பள்ளியில் ஒருவன் கத்தியால் எட்டுக் குழந்தைகளைக் கொன்றான். அதன்பின் அந்நாட்டுப் பள்ளிகள் வாயில்களை மூடவும் வெளியாட்களைப் பதிவுசெய்யவும் தொடங்கின. எனவே கதவையும் வாயிலையும் அற்பமாக எண்ணி உங்கள் குறிப்பிலிருந்து விலக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி — பள்ளி உளவியலாளர்

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இக்கெடாவில் வந்தவன் வெளியாள். பள்ளித் துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பாலும் வருபவர் வாயிற்காவலருக்கு முகம் தெரிந்த மாணவர். அவரைக் கதவு தடுக்காது.

அமெரிக்கா தன் கொடிய அனுபவத்திலிருந்து கற்றதை இங்கே சொல்ல வேண்டும். 1999இல் கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப்பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டின்போது காவலர்கள் சிறப்புப் படைக்காக வெளியே காத்திருந்ததால், உடனே உள்ளே நுழைய வேண்டும் என்ற பயிற்சி நாடெங்கும் பரவியது. இருந்தும் 2022இல் டெக்சாஸ் மாநிலத்தின் யூவால்டி நகரத் தொடக்கப்பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது, குழந்தைகள் உள்ளிருந்து தொலைபேசியில் உதவி கேட்டுக்கொண்டிருக்க, காவலர்கள் 70 நிமிடங்களுக்கும் மேல் வகுப்பறைக்கு வெளியே நின்றனர். 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தனர். கடைசி நிமிடங்களை மட்டுமே நம்பியிருக்கும் திட்டம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அதிபரைப் பாதுகாக்கும் பொறுப்புள்ள அந்நாட்டு ரகசியச் சேவைத் துறையும் கல்வித் துறையும் 37 தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 81 விழுக்காடு நிகழ்வுகளில் குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே ஏதோ தெரிந்திருந்தது. அப்படித் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சக மாணவர்கள். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் சொந்த வீட்டிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ துப்பாக்கியை எடுத்திருந்தனர். 'இப்படிப்பட்ட மாணவன்தான் செய்வான்' என்று அடையாளப்படுத்தத்தக்க ஒரே வார்ப்பு இல்லை என்றும் அவ்வறிக்கை தெளிவாகச் சொன்னது.

கேள்வி கேட்டவர் — வகுப்பாசிரியை

மிக்க நன்றி. ஒரு தயக்கம் மட்டும் எஞ்சுகிறது. கோபத்தில் ஏதோ சொன்ன மாணவனைப் பற்றிப் புகார் செய்தால், அவன் நிரந்தரமாக முத்திரை குத்தப்பட்டுவிட மாட்டானா? ஒத்திகைகளும் சிறு குழந்தைகளை அச்சுறுத்துகின்றன அல்லவா?

மறுமொழி — பள்ளி உளவியலாளர்

ஒத்திகையைப் பொறுத்தவரை, போலித் துப்பாக்கியும் போலி இரத்தமும் கொண்டு, முன்னறிவிப்பின்றி நடத்தப்படும் நாடகங்களை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2020இல் எதிர்த்தது. அமைதியாக, முன்பே சொல்லி நடத்துவது வேறு.

முத்திரை பற்றிய அச்சம் நியாயமானது. அதற்காகவே வர்ஜீனியா மாநிலத்தில் உருவான அச்சுறுத்தல் மதிப்பீட்டு முறை, ஆத்திரத்தில் சொல்லி உடனே வருந்தும் பேச்சையும், திட்டமும் ஆயுதத் தேடலும் கொண்ட உண்மையான அச்சுறுத்தலையும் முதலில் பிரித்தறிகிறது. தலைமையாசிரியர், ஆலோசகர், காவல் அலுவலர் ஆகியோர் சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். பெரும்பாலானவை பேச்சுவார்த்தையிலும் மன்னிப்பிலும் தீர்கின்றன. மதிப்பீடு அரைகுறையாக நின்றால் என்னவாகும் என்பதை மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளி காட்டியது. 2021இல் தாக்குதல் நடந்த அன்று காலையிலேயே மாணவனின் கலங்க வைக்கும் ஓவியத்தைக் கண்டு பெற்றோரை அழைத்தார்கள். பையைச் சோதிக்காமலேயே அவனை வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். நான்கு மாணவர்கள் இறந்தனர். துப்பாக்கி வாங்கித் தந்த பெற்றோர் இருவருக்கும் 2024இல் சிறைத்தண்டனை கிடைத்தது.

உங்கள் குறிப்பில், மாணவர்கள் தங்கள் பெயர் வெளிப்படாமல் எந்நேரமும் தகவல் சொல்ல ஒரு வழியையும், அதைப் பெறுபவர் யார் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். கொலம்பைனுக்குப் பிறகு கொலராடோவில் தொடங்கப்பட்ட அத்தகைய சேவைக்கு வந்த தகவல்களில் பல ஆண்டுகள் முன்னிலையில் இருந்தது தாக்குதல் மிரட்டல் அல்ல, தற்கொலை எண்ணம் பற்றிய கவலை. 2002 அறிக்கையில் ஆராயப்பட்ட தாக்குதல்காரர்களில் பெரும்பான்மையோர் முன்பே தற்கொலையைப் பற்றி எண்ணியோ முயன்றோ இருந்தவர்கள் என்பதால், இரண்டுக்கும் ஒரே தொலைபேசி எண் இருப்பது பொருத்தமே.