உதவி: விஎஸ் சிஸ்டத்துக்கு ரசிகர் கார்டு – தமிழ் எழுத்து சிதறுது, பார்டர் கோணுது, விதி வாசகத்துல சண்டை

ஐந்துவிளக்கு (கேள்வி)

அப்பர் டெக் 2004-ல கொண்டுவந்த பழைய விஎஸ் சிஸ்டம்ங்கிற சூப்பர்ஹீரோ கார்டு ஆட்டத்துக்கு (2015-ல வந்த 2பிசிஜி பதிப்பு இல்ல) 60 கார்டுல ஒரு ரசிகர் டெக் (கார்டுக் கட்டு). மார்வெல், டிசி ஆளுங்க யாரும் கிடையாது. ஹீரோ எல்லாம் சொந்தக் கற்பனை, களம் வடசென்னை, விதி வாசகம் முழுக்கத் தமிழ்.

போட்டோஷாப் சிசி 2018, ஆர்ஜிபி (திரைக்கான நிற முறை), 750×1050 பிக்சல், 300 டிபிஐ. லதா எழுத்துரு 6 பாயிண்ட். திருவல்லிக்கேணியில ஒரு டிஜிட்டல் பிரிண்ட் கடையில 12×18 தாள்ல, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டுல ஒரு ஷீட் சோதனை போட்டாச்சு. முன்பக்கம் மட்டும் மேட் லேமினேஷன்.

‘கொம்பன்’ங்கிற பேர்ல கொம்பு ‘க’வுக்கு முன்னால நிக்காம பின்னால போய் நிக்குது. ‘கு’, ‘மு’ எல்லாம் ஒட்டாம தனித்தனியா வருது. திரையிலயும் அப்படித்தான். பாமினியில அடிச்சுக் கொடுக்கவானு கடையில கேட்டாங்க. சரினு சொல்லலாமா?

ராத்திரி வானத்துக்குப் போட்ட கருநீலம் கத்தரிப்பூ நிறமா வந்திருக்கு. 2 மி.மீ. பார்டர் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3. பின்பக்க டிசைன் முன்பக்கத்தோட ஒட்டல. ரெண்டே நாள்ல கார்டு எல்லாம் அப்பளம் மாதிரி வளைஞ்சுது.

இதெல்லாம் போக, ஆடிப் பார்த்த ரெண்டு பேர் ஒரே கார்டை ரெண்டு விதமாப் படிக்கிறாங்க. கார்டு இதுதான்:

கொம்பன், காசிமேட்டுக் காவலன்
செலவு 4 | தாக்கு 8 | காப்பு 7 | வீச்சு உண்டு
“தாக்கும் ஹீரோவின் தாக்கு இந்தத் தாக்குதல் முடியும் வரை 2 குறையும்.”

மை_டப்பா

கொம்பனுக்கே கொம்பு இடம் மாறினா எப்படி பாஸ்.

பாமினி வேண்டாம். அது யூனிகோட் இல்ல, ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் வடிவத்தை உட்கார வச்ச பழைய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும். 60 கார்டு வாசகத்தையும் ஒரு எக்செல் ஷீட்ல வச்சுத் திருத்தவும் முடியாது.

கோளாறு எழுத்துருவுல இல்ல. போட்டோஷாப் தமிழை எழுத்தெழுத்தா வரிசையா வைக்குது, கொம்பை முன்னால தள்ளுற வேலையைச் செய்யல. பிரிஃபரன்சஸ் போய் ‘டைப்’ பக்கத்துல டெக்ஸ்ட் எஞ்சின் தேர்வைப் பாருங்க. ‘ஈஸ்ட் ஏஷியன்’ல இருக்கும். பதிப்பைப் பொறுத்து ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’னோ ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’னோ ஒண்ணு இருக்கும், அதுக்கு மாத்திட்டு மூடித் திறங்க.

ஐந்துவிளக்கு

மாத்தியாச்சு, மூடித் திறந்தாச்சு. புதுசா அடிச்சா சரியா வருது. பழைய லேயர்ல அப்படியேதான் இருக்கு அண்ணே.

மை_டப்பா

பழைய லேயர் பழைய கம்போசரை (எழுத்தை அடுக்குற முறையை) பிடிச்சுக்கிட்டே இருக்கும். லேயரைத் தேர்ந்தெடுத்து பாராகிராஃப் பேனல் மூலையில இருக்கிற மெனுவுல ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசர் போடுங்க. எல்லா எழுத்து லேயரையும் ஒரே நேரத்துல தேர்வு பண்ணிச் செய்யலாம்.

ஆனா விதி வாசகத்தை போட்டோஷாப்லயே வைக்கிறது தப்புனுதான் சொல்வேன். அதை ஜேபெக் ஆக்கினா 300 டிபிஐ-ல ‘ணை’, ‘ஞ’ மாதிரி சுழி எழுத்தெல்லாம் அடைச்சுக்கும். படத்தை மட்டும் போட்டோஷாப்ல முடிங்க, எழுத்து, எண், சட்டம் மூணும் வெக்டரா (பிக்சலா இல்லாம கோட்டு வடிவமா) இருக்கட்டும். இன்டிசைன் இருந்தா அது. இல்லைனா ஸ்க்ரைபஸ் 1.6 இலவசம், தமிழை ஒழுங்கா அடுக்குது, சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு மை நிற முறை) பிடிஎஃப்பும் தருது. இங்க்ஸ்கேப்பும் தமிழை நல்லா காட்டும், ஆனா அது ஆர்ஜிபி-யில வேலை செய்யறது, அதனால அச்சுக்கு நேரா அனுப்பாதீங்க.

கடைக்குக் கொடுக்கிறது எழுத்தெல்லாம் அவுட்லைன் ஆக்கின (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமா மாத்தின) பிடிஎஃப்பா இருக்கணும். கோரல் ட்ராவுல திறந்து மாத்தி உட்கார வைக்கிற பழக்கம் நிறைய கடையில உண்டு. அவங்ககிட்ட உங்க எழுத்துரு இருக்காது, வேற எழுத்துரு போய் உட்காரும், மறுபடி கொம்பு ஓடும். அவுட்லைன் ஆக்காத மூலக் கோப்பைத் தனியாப் பத்திரப்படுத்துங்க.

லதா 6 பாயிண்ட் ரொம்பப் பொடி. முக்தா மலரோ நோட்டோ சான்ஸ் தமிழோ 8 பாயிண்ட், வரி இடைவெளி 10.5. தமிழுக்கு மேல விசிறியும் கீழ சுழியும் இருக்கு, ஆங்கிலத்துக்கு வைக்கிற இடைவெளி பத்தாது. அஞ்சு வரிக்கு 18.5 மி.மீ. உயரம் போகும், பெட்டியை 21 மி.மீ.-னு வச்சுக்கோங்க. 54 மி.மீ. அகலத்துல வரிக்கு சுமார் 25 எழுத்து. அதுக்குள்ள அடங்கலைனா எழுத்தைச் சுருக்காதீங்க, வாசகத்தைச் சுருக்குங்க.

ஷீட்டு_முனியன்

இன்டிசைன்ல டேட்டா மெர்ஜ் (ஷீட்ல இருக்கிற வாசகத்தை ஒவ்வொரு கார்டுலயும் தானா நிரப்புறது) பண்ணப் போறீங்கன்னா ரெண்டு மூணு இடத்துல மாட்டுவீங்க.

எக்செல்ல சாதாரண சிஎஸ்வி-யாச் சேமிச்சா தமிழ் எல்லாம் கேள்விக்குறி ஆயிடும். ‘யூனிகோட் டெக்ஸ்ட்’னு சேமிங்க, இன்டிசைன் அதைத் தகராறு இல்லாமப் படிக்கும். படத்துக்கான பத்தியோட தலைப்பு @ குறியில ஆரம்பிக்கணும். எக்செல் அதை ஃபார்முலானு நினைச்சு மறுக்கும், அதனால முன்னால ஒரு ஒற்றை மேற்கோள் போட்டு '@படம்னு அடிங்க. ஒரே கட்டத்துக்குள்ள வரி உடைக்காதீங்க, மெர்ஜ் அதை அடுத்த கார்டுனு எடுத்துக்கும். உடைக்க வேண்டிய இடத்துல ## போட்டு வச்சுட்டு, மெர்ஜ் ஆனப்புறம் தேடி மாத்துற வசதியில பாரா பிரேக்கா மாத்திடலாம்.

தமிழுக்கே உரிய கண்ணி ஒண்ணு இருக்கு. வாசகத்துக்குள்ள பேரையும் மெர்ஜ்ல இழுக்கிற ஆசை வரும்: ‹பெயர்›ஐத் தாக்கினால். வெளிய வர்றது ‘கொம்பன்ஐத் தாக்கினால்’. ஆங்கிலத்துல பேர் மாறாது, தமிழ்ல வேற்றுமை ஒட்டினா பேரே உருமாறும்: கொம்பனை, மணியை, வேலுவை. வாசகத்துல பேரே வேண்டாம். ‘இந்த ஹீரோ’, ‘இந்த ஹீரோவை’, ‘இந்த ஹீரோவின்’ மூணு வடிவத்தை வச்சே 60 கார்டையும் எழுதிடலாம்.

திருப்பம்_முடிவு

சண்டை போட்ட ரெண்டு பேருமே சரியாத்தான் படிச்சிருக்காங்க. தப்பு வாசகத்துல.

‘தாக்கும் ஹீரோ’னா யார்? வந்து தாக்குற ஹீரோவா, கொம்பன் போய்த் தாக்குற ஹீரோவா? தமிழ்ப் பெயரெச்சத்துக்கு ரெண்டு பொருளும் வரும். ‘சாப்பிடும் கோழி’னா கோழி சாப்பிடுதா, நாம கோழியைச் சாப்பிடுறோமானு கேக்குற அதே கதை. பேச்சுல சூழ்நிலை காப்பாத்தும், கார்டுல சூழ்நிலை கிடையாது.

இந்த ஆட்டத்துல இது சின்ன விஷயமும் இல்ல. தாக்குறவரும் தாக்கப்படுறவரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறாங்க. ஒருத்தரோட தாக்கு எண் மத்தவரோட காப்பு எண்ணுக்குச் சமமாவோ மேலயோ இருந்தா அவர் மயக்கம், மயங்கினவரோட செலவு எண் அளவுக்கு அவர் ஆட்டக்காரருக்கு எண்டூரன்ஸ் (உயிர்ப் புள்ளி) குறையும். ஆரம்பமே 50 தான். அதனால −2 யாருக்குனு தெரியாம கணக்கே போட முடியாது.

முதல் பொருள்படி, அதாவது யார் வந்து தாக்கினாலும் −2னா, 8 தாக்கு உள்ளவர் கொம்பனை அடிக்கும்போது 6 ஆயிடும், காப்பு 7-ஐத் தொடாது. மயக்கணும்னா 9 வேணும். காகிதத்துல 7 காப்பு, களத்துல 9. செலவு 4-க்கு அது அதிகம், கூடவே வீச்சு வேற, பின்வரிசையில நின்னுக்கிட்டே அடிப்பார். இப்படித்தான் வேணும்னா காப்பை 6 ஆக்குங்க. ரெண்டாவது பொருள்படி, கொம்பன் போய்த் தாக்கும்போது மட்டும்னா, 7 இருக்கட்டும். உங்க முறையில மட்டும் கிடைக்கிற கவசம் அது. எதுவானாலும் ஏற்கெனவே வெளியான 4 செலவு கார்டுகளை பக்கத்துல வரிசையாப் போட்டுப் பாருங்க. எண், வீச்சு, பறத்தல், திறன் நாலுலயும் உங்க கார்டு முன்னால நின்னா ஏதோ ஒண்ணை விட்டுக்கொடுக்கணும்.

சொற்களுக்கு வருவோம். உங்க ஒரே வரியில ‘தாக்கு’ மூணு தடவை வருது. அது எண்ணோட பேர், வினை, கட்டளை எல்லாமாவும் படிக்கப்படும். எண்ணுக்கு ‘பலம்’னு வைங்க. ஆளுக்கு ‘தாக்குபவர்’, ‘காப்பவர்’. இந்த ரெண்டையும் தடித்த எழுத்துல போட்டு 60 கார்டுலயும் மாத்தாமப் பயன்படுத்துங்க. கார்டு எடுக்கச் சொல்றது கட்டாயமானா ‘இழு’, விருப்பமானா ‘இழுக்கலாம்’. ‘இழுக்கவும்’னு எங்கயும் எழுதாதீங்க, அது மரியாதையா விருப்பமானு ஒரு சண்டை வரும். எவ்வளவு நேரம்ங்கிறதைக் கடைசியில வைங்க, நடுவுல வந்தா எதோட சேருதுனு தெரியாது.

மை_டப்பா

அச்சுக் கோளாறுக்கு வர்றேன்.

நீலம்: சயானும் மெஜந்தாவும் கிட்டத்தட்ட சமமா இருந்தா அச்சுல கத்தரிப்பூதான். சயான் 100-னா மெஜந்தா 65-ஐத் தாண்டாதீங்க, இருட்டு வேணும்னா கருப்பைக் கூட்டுங்க. ஆரம்பத்துலயே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைப் போட்டு வச்சுக்கிட்டு வரைஞ்சா பின்னாடி மனசு உடையாது. பெரிய கருப்புப் பரப்புக்கு சயான் 60, மெஜந்தா 40, மஞ்சள் 40, கருப்பு 100. சின்ன எழுத்துக்கு அந்தக் கலவை கூடவே கூடாது, கருப்பு 100 மட்டும். நாலு மையும் துளி விலகினா எழுத்துக்கு நிழல் விழும்.

பார்டர்: கட்டிங் மெஷின்ல கட்டு கட்டா வெட்டும்போது 1 மி.மீ. நகர்றது சகஜம், கடையைத் திட்டிப் பயனில்ல. 2 மி.மீ. பார்டர்ல அது கண்ணைக் குத்தும். 4 மி.மீ. வைங்க, இல்ல பார்டரே இல்லாம படத்தை ஓரம் தாண்டி ஓட விடுங்க. வெட்டின அளவு 63×88, நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டினா 69×94. பிக்சல்ல 815×1110. எழுத்தும் எண்ணும் நடு 57×82-க்குள்ள நிக்கணும். உங்க 750×1050-ல வெட்டுக்கு விடுற மிச்சமே இல்ல.

12×18 தாள்ல கார்டைப் படுக்கப் போட்டா குறுக்க 3, நெடுக்க 6, மொத்தம் 18. 282×414 மி.மீ. ஆகும், வெட்டுக்குறிக்கும் இடம் இருக்கும். ஏ3-ல போட்டா நீளத்துல பக்கத்துக்கு 3 மி.மீ.தான் மிஞ்சும், வேண்டாம்.

பின்பக்கம் ஒரு மி.மீ. விலகத்தான் செய்யும். அங்க சட்டமே போடாதீங்க, ஓரம் வரைக்கும் ஒரே மாதிரி கோலமோ அலையோ ஓடட்டும். மொத்த 18-ம் தாள்ல நடுவுல உட்காரணும், ரெண்டு ஓரமும் சமமா. அசல் கார்டோட பின்பக்கத்தையோ லோகோவையோ நகல் எடுக்காதீங்க. கீழ ‘ரசிகர் ஆக்கம், விற்பனைக்கு அல்ல’னு ஒரு வரி.

வளைவு: ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டா மறுபக்கம் சென்னைக் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சு விரியும், பிலிம் விரியாது. அப்புறம் வளையாம என்ன செய்யும். ரெண்டு பக்கமும் போடுங்க, இல்ல போடவே வேண்டாம். ஸ்லீவ்ல (கார்டு உறையில) போட்டு ஆடப் போறீங்கன்னா இரண்டாவதே போதும்: 66×91 மி.மீ. ஸ்லீவ், பின்பக்கம் ஒளி ஊடுருவாததா. அசல் கார்டோட கலந்து ஆடினாலும் பின்பக்கம் காட்டிக்கொடுக்காது. மூலைக்கு 3 மி.மீ. ஆர கார்னர் கட்டர், ஆண்டர்சன் தெருப் பக்கம் ஸ்டேஷனரிக் கடைகள்ல கேட்டுப் பாருங்க. ஒரு தடவைக்கு ரெண்டு கார்டுக்கு மேல வைக்காதீங்க, அடிக் கார்டு பிசிறும்.

ஐந்துவிளக்கு

ரெண்டாவது பொருள்தான் நினைச்சது. திருத்தினது:

கொம்பன், காசிமேட்டுக் காவலன்
செலவு 4 | பலம் 8 | காப்பு 7 | வீச்சு உண்டு
“இந்த ஹீரோ தாக்குபவர் ஆனால், காப்பவரின் பலம் –2, இந்தத் தாக்குதல் முடியும் வரை.”

8 பாயிண்ட்ல மூணு வரியில அடங்குது. இன்டிசைன்ல கொம்பும் ஒழுங்கா நிக்குது.

திருப்பம்_முடிவு

ஒரு ஓட்டை பாக்கி. கூட்டுத் தாக்குதல்ல காப்பவர் திருப்பி ஒருத்தரைத்தான் மயக்க முடியும், ஆனா அவர் பலம் 2 குறைஞ்சா கொம்பனோட வந்த எல்லாருக்கும் பாதுகாப்பு. அது வேண்டாம்னா ‘தனியாகத் தாக்கும்போது’னு மாத்துங்க. வேணும்னா அப்படியே விட்டு, வீச்சை எடுத்துடுங்க.

ஐந்துவிளக்கு

தனியாகவே இருக்கட்டும். காவலன் கூட்டம் சேர்க்கிற ஆள் இல்ல.

மை_டப்பா

60 கார்டுக்கு 4 தாள், 72 இடம். மிச்சம் 12 இடத்தைக் காலியா விடாதீங்க. கொம்பனோட ரெண்டு வடிவத்தையும், காப்பு 6 ஒண்ணு, 7 ஒண்ணுனு போட்டு ஆடிப் பார்த்து முடிவு பண்ணலாம். முதல்ல ஒரே ஒரு தாள் மட்டும் எடுங்க, அதுல நீலத்தைப் பார்த்துட்டு மத்த மூணு.